படுக்காது என்றார்கள் இருவரும்

மாட்டுச் சந்தையில் ஒரு வார்த்தை உண்டு. வாங்க வந்தவன் மாட்டின் பல்லைப் பார்க்கலாம், சுழியைப் பார்க்கலாம், நடக்கவிட்டுப் பார்க்கலாம். ஆனால் நுகத்தில் பூட்டிய மாடு பாதி வழியில் படுத்துக்கொள்ளுமா என்பதை மட்டும் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. விற்கிறவன்தான் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். "படுக்காது" என்று சொல்லிவிட்டால் சொன்னதுதான். பிறகு மாடு படுத்தால், வாங்கியவன் ஓட்டிக்கொண்டு வந்து விற்றவன் வாசலில் கட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். பத்திரம் எழுதிக் கொடுத்த நிலத்தையே மறுத்துப் பேசுகிற ஆட்கள் கூட இந்த வார்த்தையை மறுத்துப் பேச மாட்டார்கள். பேசினால் மறுவாரம் சந்தையில் அவர்களிடம் ஒரு கோழிக்குஞ்சு கூட விலை போகாது.

திண்டுக்கல் ரயிலடிக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை போட்டு, பழைய மோட்டார் கார்களை வாங்கி விற்றுக்கொண்டிருந்த ஆரோக்கியதாஸ் ஒரு மாட்டுத் தரகரின் மகன். மாட்டை விட்டு மோட்டாருக்கு வந்துவிட்டாரே தவிர, வாய் சந்தையிலேயே நின்றுவிட்டது. "இது இன்னும் ஆறு பல்லு போடல" என்று ஒரு காரின் வயதைச் சொல்வார். வாங்க வருகிறவர்கள் முன்னால் காரின் முதுகைத் தட்டிக் கொடுப்பார். விலை பேசும்போது தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கையை மூடிக்கொண்டு, எதிராளியின் விரலைப் பிடிப்பார். நயா பைசா வந்த மறுவருஷம் அவரிடம் விரலைக் கொடுத்துவிட்டு நின்றவன்தான் நம் மூக்கையா.

மூக்கையா சிறுமலை அடிவாரத்தில் கத்தரியும் அவரையும் போடுகிற குடியானவன். கல்யாணத்துக்கு முன்னால் வாழைக்காய் லாரி ஓட்டியவன். ஓட்டத்தான் தெரியும். இன்ஜின் மூடியைத் திறந்தால் உள்ளே இருப்பதெல்லாம் அவனுக்கு ஒரே இரும்புதான், அதையெல்லாம் அந்தக் காலத்தில் கிளீனர் பார்த்துக்கொண்டான். அந்த வருஷம் அவன் கிணற்றுக்குக் கரண்டு மோட்டார் வந்தது. அதுவரை கமலை இழுத்துக்கொண்டிருந்த செவலைக்கும் மயிலைக்கும் வேலை போய்விட்டது. இரண்டு மாடும் தொழுவத்தில் சும்மா நின்று வைக்கோல் தின்றன. மூக்கையாவுக்கு லாரி ஓட்டிய கை அரித்தது.

ஆரோக்கியதாஸுக்கோ மாடு வேண்டியிருந்தது. பழைய மோட்டார்கள் எங்கே உயிரை விடுகின்றனவோ அங்கேதான் விலைக்குக் கிடைக்கும். அவற்றை இழுத்து வர லாரி பிடித்தால் கட்டுப்படியாகாது. நல்ல ஜோடி மாடு இருந்தால் கயிற்றைக் கட்டி இழுத்து வந்துவிடலாம். ஆக, மாட்டு ஜோடிக்கு மாற்றாக ஒரு கறுப்பு பிளசர் என்று பேச்சு முடிந்தது. அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் காரைப் பிளசர் என்றுதான் சொல்வார்கள். பெயரைக் கேட்டாலே மூக்கையாவுக்குச் சந்தோஷமாக இருந்தது.

"அண்ணே, வண்டி எப்படி?" என்று கேட்டான்.

"படுக்காது அப்பு" என்றார் ஆரோக்கியதாஸ். பழக்கதோஷம், வாயில் வந்துவிட்டது. "ஒன் மாடு எப்படி?"

"படுக்காதுண்ணே" என்றான் மூக்கையா.

அவன் சொன்னது பொய் என்று அவனே ஒப்புக்கொள்ள மாட்டான். செவலை படுக்கும். நன்றாகவே படுக்கும். மனசு சரியில்லை என்றால் நட்ட நடுவில் காலை மடித்து உட்கார்ந்து அசைபோடும், அடித்தாலும் எழாது. ஆனால் மூக்கையாவின் பெண்சாதி ஒச்சாயி வந்து பக்கத்தில் குந்தி, தாடையடியில் தொங்கும் சதையைச் சொறிந்து, காதில் ஒரு வார்த்தை சொன்னால் உடனே எழுந்துவிடும். சொன்னால் எழுந்துவிடுகிற மாட்டைப் படுக்கிற மாடு என்று எப்படிச் சொல்வது? இப்படி நியாயம் பேசிக்கொண்டுதான் பிளசரில் ஏறி அமர்ந்தான். ஒச்சாயியைக் கேட்காமல் மாட்டை மாற்றிவிட்டோமே என்ற உறுத்தல் ஊருக்கு முன்னால் உள்ள கண்மாய்க்கரை ஏறும்போதுதான் வந்தது. அன்றைக்குச் சாயங்காலக் காற்று சிலுசிலுவென்று அடித்ததால் பிளசர் ஏற்றத்தைப் பேருக்கு முனகிக்கொண்டு ஏறிவிட்டது.

ஒச்சாயி அழவில்லை, கத்தவில்லை. செவலை கன்றாக இருக்கும்போதே தாய் செத்துப்போக, அதைப் பாலடையில் பால் ஊற்றி வளர்த்தவள் அவள். வாசலில் நின்ற பிளசரை ஒருமுறை சுற்றி வந்தாள்.

"அவன் படுப்பான்னு அவுககிட்ட சொன்னீகளா? எழுப்புற வார்த்தையச் சொன்னீகளா? தெரியாம வாலைக் கீலை முறுக்கிறப் போறாக."

"எல்லாம் சொல்லிட்டேன்" என்றான் மூக்கையா.

"சரி. இது எம் மாட்டைத் தின்ன வண்டி. இதுல என் கால் படாது."

அத்தோடு அவனிடம் நேராகப் பேசுவதை நிறுத்தினாள். சோறு தயாரானால் கோழியிடம் சொல்வாள்: "ஏ கோழி, சோறு ஆறுது, வேணுங்கிறவுக வந்து சாப்பிடலாம்." தொட்டுக்கொள்ள வெஞ்சனம் போதுமா என்று அடுப்பைக் கேட்பாள். பதிலை மூக்கையாவும் கோழியிடமே சொல்லப் பழகிக்கொண்டான். கோழிக்கு அந்த வீட்டில் அப்போதிருந்த மரியாதை வேறு யாருக்கும் இல்லை.

மூக்கையாவின் ஆசை என்னவென்றால், ஒச்சாயியை முன் ஸீட்டில் உட்கார வைத்து, பழனிக்குப் பக்கத்தில் நெய்க்காரப்பட்டியில் கட்டிக்கொடுத்திருக்கும் மகள் வீட்டுக்குக் கூட்டிப் போக வேண்டும். பஸ் ஏறினால் ஒச்சாயிக்கு வயிற்றைப் புரட்டும். பஸ் பழனி போய்ச் சேர்வதற்குள் பாதி உயிர் போய்விடும், இறங்கியதும் மகள் தலைக்குத் தண்ணீர் ஊற்றித்தான் உள்ளே கூட்டிப் போவாள். இந்த ஆசையை அவன் யாரிடமும் சொல்லவில்லை. கேட்பதற்கு வீட்டில் கோழி மட்டும்தானே இருந்தது.

பிளசருக்கு முதல் சவாரி ஒரு கல்யாணம். சின்னாளப்பட்டியில் பெண் எடுத்த உள்ளூர் மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு, ஊர்ச் சனம் முன்னும் பின்னும் நடக்க, மேளத்தோடு புறப்பட்டார்கள். மேளக்காரர்களின் நடைக்கு வண்டியை ஓட்டினான் மூக்கையா. நல்ல வெயில். கண்மாய்க்கரை ஏற்றத்தில் பாதி ஏறியிருப்பார்கள், பிளசர் ஒரு பெருமூச்சு விட்டது. பிறகு மூக்கு வழியாகப் புஸ்ஸென்று ஆவியைக் கக்கிக்கொண்டு நின்றுவிட்டது. ஆவி என்றால் வெள்ளை ஆவி அல்ல, மஞ்சள். என்னவோ ஏதோ என்று இறங்கிவந்து எட்டிப் பார்த்த மாப்பிள்ளையின் பட்டு வேட்டியெல்லாம் மஞ்சள் புள்ளி.

"நல்ல சகுனம்தேன்" என்றாள் மாப்பிள்ளையின் அத்தை. மற்றவர்கள் எந்தப் பக்கம் திரும்பிச் சிரிப்பது என்று தெரியாமல் நின்றார்கள்.

கூட்டத்தோடு நடந்து வந்த ஒச்சாயி மூக்கை உறிஞ்சினாள். கிட்டே போய்க் குனிந்து மறுபடியும் உறிஞ்சினாள். பிறகு அத்தைக்காரியின் பக்கம் திரும்பி, ஆனால் மூக்கையாவுக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள்: "மஞ்சப்பொடி. கூட கேப்பை மாவும் இருக்கு. உள்ள களி கிண்டி வச்சிருக்காக. களி அடைச்சா தண்ணி எப்படி ஓடும்? நம்ம வீட்டுச் சலதாரையே ஓடாது."

மாப்பிள்ளை சின்னாளப்பட்டிக்கு நடந்துதான் போனார். மூக்கையாவுக்குப் பூமி பிளந்து விழுங்கிக்கொண்டால் தேவலை என்று இருந்தது. வண்டி ஆறியதும் ஸ்டார்ட் ஆனது. தட்டையான ரோட்டில் சமத்தாக ஓடியது. மறுநாள் அதே ஏற்றத்தில் அதே இடத்தில் மறுபடியும் நின்றது. ஊரில் யாரும் பிளசர் கெட்டுப்போச்சு என்று சொல்லவில்லை. "பிளசரு படுத்துருச்சு" என்றார்கள். அந்த வார்த்தை காதில் விழுந்த கணத்தில்தான் மூக்கையாவுக்குப் பொறி தட்டியது. படுத்துருச்சு! ஆரோக்கியதாஸ் படுக்காது என்றல்லவா சொன்னார்? வேறு என்ன சொல்லியிருந்தாலும் போகட்டும் என்று விடலாம். இதைச் சொல்லிவிட்டு அந்த மனுஷன் தப்பிக்க முடியாது.

பக்கத்து வீட்டு முத்துச்சாமியிடம் மாட்டு ஜோடியை இரவல் கேட்டு, முத்துச்சாமியையும் கூட்டிக்கொண்டு, பிளசரைக் கயிற்றில் கட்டித் திண்டுக்கல்லுக்கு இழுத்துப் போனான். மதுரை ரோட்டில் போன பஸ்ஸெல்லாம் மெதுவாகப் போய் வேடிக்கை பார்த்தன. கடைவீதியில் ஒருத்தன், "அண்ணே, ஹாரன் அடிங்க, மாடு விலகட்டும்" என்றான். எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டான் மூக்கையா. வசவுகளை வழியெல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு, எது முதலில், எது பிறகு என்று அடுக்கிக்கொண்டே வந்தான்.

கொட்டகை வாசலில் ஆரோக்கியதாஸ் ஒரு பழைய டயரைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு எதிரே, உள்ளே போகிற வழி முழுவதையும் அடைத்துக்கொண்டு, செவலை படுத்துக் கிடந்தது. மயிலை நுகத்தின் மறுபக்கம் நின்றபடி, தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்கிற மாதிரி வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தது.

மூக்கையாவைக் கண்டதும் அவர் எழுந்தார். "வாய்யா, வா. ஒன்னயத்தேன் தேடிக்கிட்டிருக்கேன்."

"நானும் ஒங்களத்தேன் தேடி வாரேன்."

அப்புறம் இருவரும் ஒரே நேரத்தில், ஒரே குரலில் கத்தினார்கள்: "படுக்காதுன்னு சொன்னீகளே!" "படுக்காதுன்னு சொன்னியே!"

சத்தம் போட்டுவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆரோக்கியதாஸ் பிளசரைப் பார்த்தார். மூக்கையா செவலையைப் பார்த்தான். முத்துச்சாமி மட்டும் தன் மாட்டின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். வழியெல்லாம் அடுக்கி வைத்த வசவில் ஒன்று கூட மூக்கையாவுக்கு ஞாபகம் வரவில்லை.

"மஞ்சப்பொடி போட்டிருக்கீக" என்றான், கொஞ்சம் சுருதி இறங்கி.

"ரேடியேட்டர் ஒழுகுச்சுய்யா. மஞ்சப்பொடியும் கேப்பை மாவும் போட்டா ஒழுகல் நிக்கும். ஏத்தத்துல சூடேறும்னு தெரியும். நீ தட்டை ரோட்டுலதானே ஓட்டப்போறன்னு நெனச்சேன். இத என்ன சொல்ற? அஞ்சாறு தடவை படுத்துருச்சு. தண்ணி ஊத்திப் பாத்தோம், புல்லக் காட்டிப் பாத்தோம். நம்ம ஆளு ஒருத்தன் வாலைக் கடிக்கணும்னான். அவனை வெளிய போடான்னுட்டேன். எங்கப்பா இருந்த வரைக்கும் எந்த மாட்டு வாலயும் யாரையும் கடிக்க விட்டதில்ல. அதுவா எந்திரிக்கட்டும்னுதான் உக்காந்திருக்கேன்."

மூக்கையாவுக்குச் சங்கடமாகப் போய்விட்டது. செவலையின் பக்கத்தில் குந்தி, ஒச்சாயி செய்கிற மாதிரியே தாடையடியைச் சொறிந்து, காதில் அவள் சொல்கிற வார்த்தையைச் சொன்னான். செவலை அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டது. ஒச்சாயி வளர்த்த மாடு என்பதில் யாருக்கும் சந்தேகமே வராது.

சந்தை முறைப்படி என்ன செய்வது என்று இருவரும் யோசித்தார்கள். ஒரு பக்கம் படுத்தால் திருப்பிக் கொடுக்கலாம். இரண்டு பக்கமும் படுத்தால்? ஆரோக்கியதாஸ் அப்பா சொன்ன தீர்ப்பு ஒன்றை நினைவிலிருந்து எடுத்தார். "ரெண்டும் படுத்தா மாத்து செல்லும். ஆனா அவனவன் கொடுத்ததை அவனவன் எழுப்பிக் கொடுக்கணும். ஒன் வண்டிய நான் எழுப்பித் தாரேன். எம் மாட்டை நீ எழுப்பித் தரணும்."

நியாயம்தான். ஆரோக்கியதாஸ் சொன்னபடி செய்தார். உடைக்கப் போட்டிருந்த வேறொரு வண்டியிலிருந்து நல்ல ரேடியேட்டராகக் கழற்றி மாட்டி, இன்ஜினுக்குள் தங்கியிருந்த களியையும் அலசி வெளியேற்றி, மலைக்கோட்டை அடிவாரம் வரை தானே ஓட்டிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். செவலை பொழுது சாய்ந்து தானாகத்தான் எழுந்தது; மூக்கையாவின் பங்குதான் நின்று போனது. செவலையை எழுப்ப ஒச்சாயி வர வேண்டும். அவளைக் கூப்பிட்டால், 'எல்லாம் சொல்லிட்டேன்' என்றது பொய் என்று தெரிந்துவிடும். கோழியிடமாவது பேசிக்கொண்டிருக்கிறாள், அப்புறம் அதுவும் நின்றுவிடும். "நாளைக்குக் கூட்டி வாரேன்" என்று சொல்லிவிட்டு வந்தவன், அடுத்து வந்த எந்த நாளையும் அந்த 'நாளை'யாக ஒப்புக்கொள்ளவில்லை. பிளசரையும் பகலில் கண்மாய்க்கரை ஏற விடாமல், ஊரையொட்டிய தட்டை ரோட்டிலேயே வைத்து ஓட்டினான். வெயில் நேரத்தில் அந்த ஏற்றத்தை அவன் இன்னும் நம்பவில்லை.

ஒரு நாள் உச்சி வெயிலில் பால்காரர் கண்ணுசாமி சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து வாசலில் விழாத குறையாக நின்றார்.

"ஒச்சாயி, ஒஞ் செவலை ரயில் கேட்டுல படுத்திருக்கு! மலையடிவாரத்துப் பங்களாவுல ஒரு ஓட்டை மோட்டாரு வாங்கி இழுத்துட்டுப் போயிருக்காக. தண்டவாளத்து மேலயே படுத்துருச்சு. மதுரை பாசஞ்சர் வந்து நிக்கிது. கேட்டுக்கார சூசைமுத்து சிவப்புக் கொடியப் புடிச்சுக்கிட்டுக் குதிக்கிறாரு. பாசஞ்சர்ல வந்தவன் எவனோ வாலுக்கடியில வைக்கோலக் கொளுத்தி வைக்கணும்னு சொல்லி, வைக்கோல் தேடிக்கிட்டிருக்கான்!"

அவரை பறித்துக்கொண்டிருந்த ஒச்சாயியின் மடியிலிருந்து காயெல்லாம் கீழே கொட்டியது. ரோட்டைப் பார்த்தாள். ரயில் கேட் கண்மாய்க்கரைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது, ஓடினாலும் நேரமாகும். பஸ் கிடையாது. வேப்பமரத்தடியில் பிளசர் நின்றது. ஒரு கணம் நின்றாள். பிறகு விறுவிறுவென்று போய்ப் பின் கதவைத் திறந்து, வாடகைக்கு வந்தவள் மாதிரி பின் ஸீட்டில் உட்கார்ந்தாள். யாரையும் பார்க்காமல், "போகட்டும்" என்றாள்.

மூக்கையா கைப்பிடியைச் சுழற்றி ஸ்டார்ட் செய்தான். கண்மாய்க்கரையும் அந்த ஏற்றமும் வெயிலில் தெரிந்தன. இன்றைக்கு இது படுத்தால் இனி ஆயுசுக்கும் இவள் கோழியிடம்தான் பேசுவாள் என்று நினைத்துக்கொண்டான். குலசாமியைக் கூப்பிட்டான், ஆரோக்கியதாஸின் மாதாவையும் கூப்பிட்டான்.

பின்னாலிருந்து குரல் வந்தது. அத்தனை நாளில் அவனிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு.

"எழுப்புற வார்த்தைய அவுககிட்ட சொல்லிட்டேன்னீக."

ஏற்றம் ஆரம்பித்தது. பிளசர் முனகியது. பொய் சொல்ல அது இடமில்லை என்று மூக்கையாவுக்குத் தோன்றியது.

"சொல்லல."

"படுப்பான்னு?"

"அதையும் சொல்லல. படுக்காதுன்னு சொன்னேன்."

"ஏன்?"

"சொன்னா பிளசர் கிடைக்காது."

பாதி ஏற்றம், மாப்பிள்ளை வேட்டி மஞ்சளான அதே இடம். பிளசர் நிற்கவில்லை.

"இதுல அம்புட்டு ஆசையா?"

"வண்டி மேல ஆசைன்னு இல்ல" என்றான் மூக்கையா. "நெய்க்காரப்பட்டி போறப்பல்லாம் பஸ்ல நீ படுற பாட்ட என்னால பாக்க முடியல ஒச்சாயி. ஒன்னைய முன்னால உக்கார வச்சு, காத்துப் பட மெதுவாக் கூட்டிட்டுப் போகணும்னு நெனச்சேன். ஒன்னக் கேட்டா மாட்டைத் தர மாட்ட. அதான் கேக்கல. தப்புத்தேன்."

பிளசர் கரை மேலே ஏறி, அந்தப் பக்கம் கடகடவென்று இறங்கியது.

ரயில் கேட்டில் திருவிழாக் கூட்டம். இன்ஜின் புகை விட்டுக்கொண்டு நின்றது. பாசஞ்சரிலிருந்து இறங்கிய சனமெல்லாம் மாட்டைச் சுற்றி நின்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒரு தடவை பத்துப் பேர் சேர்ந்து தள்ளியதில், செவலை இன்னும் வசதியாகத் திரும்பிப் படுத்திருந்தது. வேர்க்கடலைக்காரன் ஒருவன் அதற்குள் பாதிக் கூடையை விற்றுவிட்டான். கேட்டுக்கார சூசைமுத்து கொடியை ஆட்டிக் கொண்டு, "எம் வேலை போயிரும்யா, எம் வேலை போயிரும்" என்று புலம்பினார். வைக்கோலோடு நின்றவனை ஆரோக்கியதாஸ் ஒரு கையால் தடுத்துக்கொண்டிருந்தார். இன்னொரு கையில் குடையை விரித்துச் செவலையின் தலைக்கு மேல் பிடித்திருந்தார். அவர் தலை வெயிலில் காய்ந்து வேர்வை வழிந்தது.

ஒச்சாயி முதலில் பார்த்தது அந்தக் குடையைத்தான். வேகமாக இறங்கி வந்தவளின் நடை கொஞ்சம் தணிந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்ச் செவலையின் பக்கத்தில் குந்தினாள். அது மூக்கை நீட்டி அவள் முந்தானையை முகர்ந்தது. தாடையடியைச் சொறிந்தாள்.

"எந்திரிடா ராசா. வீட்டுக்குப் போவம்."

செவலை முன்னங்காலை ஊன்றி, பின்னங்காலை ஊன்றி, ஒரு குலுக்குக் குலுக்கி எழுந்து நின்றது. கூட்டம் விசிலடித்தது. இன்ஜின் டிரைவரும் சந்தோஷத்தில் ஒரு விசில் கொடுத்தார். பாசஞ்சர் சனமே ஓட்டை மோட்டாரைத் தள்ளித் தண்டவாளத்துக்கு வெளியே விட்டது. ரயில் போயிற்று, சூசைமுத்து கொடியைச் சுருட்டிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

ஆரோக்கியதாஸ் மாட்டைத் திண்டுக்கல் பக்கம் திருப்பினார். செவலை திரும்பவில்லை. அது எங்கள் ஊர்ப் பக்கம் பார்த்து நின்றது.

"அண்ணே, அது வராது" என்றாள் ஒச்சாயி. "வீட்டுக்குப் போவம்னு சொல்லித்தான் எழுப்பினேன். சொல்லிட்டா கூட்டிட்டுப் போகணும். ஒரு தடவை ஏமாத்திட்டா அப்புறம் அந்த வார்த்தைக்கு எந்திரிக்காது. இதுவரைக்கும் நான் ஏமாத்தினதில்ல."

இதைச் சொல்லும்போது அவள் யாரையும் குறிப்பாகப் பார்க்கவில்லை. ஆனாலும் ஆரோக்கியதாஸ் குடையை மடக்கிக்கொண்டு தரையைப் பார்த்தார். மூக்கையாவும் தரையைத்தான் பார்த்தான்.

"அப்ப என்னம்மா செய்யறது?"

"இன்னைக்கு ரெண்டும் எங்க வீட்டுல இருக்கட்டும். நாளைக்கு இவுக ஓட்டிட்டு வந்து விடுவாக. இனிமே படுத்தா ஆள் அனுப்புங்க, நான் வந்து எழுப்பி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். மறுநா ஒங்ககிட்டயே வரும். நீங்க தெனமும் அது பக்கத்துல உக்காந்து தாடையைச் சொறிஞ்சு விடுங்க. ஒங்க கொட்டகையையும் வீடுன்னு அது நெனைச்சிட்டா, அப்புறம் நீங்க சொன்னாலே எந்திரிக்கும்." மடக்கிய குடையைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "குடை புடிக்கிற மனுசருக்குச் சீக்கிரம் எந்திரிக்கும்."

ஆரோக்கியதாஸின் முகம் மலர்ந்துவிட்டது. கயிற்றை அவிழ்த்து விட்டார். செவலையும் மயிலையும் யாரும் ஓட்டாமலே, தெரிந்த பாதையில் வீட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தன.

மூக்கையா பிளசரின் பக்கத்தில் நின்றான். பின் கதவைத் திறந்து விடுவதா வேண்டாமா என்று அவனுக்குத் தெரியவில்லை. மாட்டோடு நடந்தே போய்விடுவாள் என்றுதான் நினைத்தான். ஒச்சாயி வந்தாள். பின் கதவைத் தாண்டி வந்து, முன் கதவின் கைப்பிடி மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"முன்னால உக்காந்தா வாந்தி வராதா?"

வராது என்று சொல்ல வாயெடுத்தான் மூக்கையா. அந்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் எல்லாம் சுலபமாக முடிந்திருக்கும்.

"தெரியல ஒச்சாயி" என்றான். "வந்தாலும் வரும்."

ஒச்சாயி அவன் முகத்தை நன்றாகப் பார்த்தாள். பிறகு கதவைத் திறந்து முன் ஸீட்டில் ஏறி உட்கார்ந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். மூக்கையா ஸ்டார்ட் பண்ணினான். மாடுகள் கண்மாய்க்கரை ஏற்றத்தை நோக்கி ஆடி அசைந்து போய்க்கொண்டிருந்தன. அவன் கை ஹாரன் பக்கம் போவதைப் பார்த்துவிட்டு ஒச்சாயி சொன்னாள்:

"அடிக்காதீக. அவன் முன்னால போகட்டும். நாம மெதுவாப் போவம்."